நான் கட்டிய வேப்பிலை

நேற்றுக் காலையில் எதிர் வீட்டுக் கேட்டில் ஒரு கொத்து வேப்பிலை தொங்கியது. அதற்கு மேலே நகராட்சிக்காரர்கள் ஒட்டிவிட்டுப் போன காகிதம். இந்த வீட்டில் கொரோனா இருக்கிறது, யாரும் உள்ளே போகாதீர்கள் என்று அதன் பொருள். மாடியில் வாடகைக்கு இருப்பது பெரியாஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கிற ஒரு பெண்ணும் அவள் புருஷனும். கீழே வீட்டுக்காரர் குடும்பம். எனக்கு எண்பத்தாறு வயது. வாசலைத் தாண்டக் கூடாது என்பது மருமகள் போட்ட உத்தரவு. அதனால் ஜன்னல்தான் எனக்கு ஊர்.

ஒன்பது மணிக்கு வீட்டுக்காரர் போன் பண்ணினார். "பெரியவரே, நீங்க ஹெல்த்துல இருந்து ரிட்டயர் ஆனவரு. நீங்க சொன்னா அந்தப் புள்ள கேக்கும். ஒரு மாசம் வேற எங்கிட்டாச்சும் போயி இருக்கச் சொல்லுங்களேன். வீட்டுல சின்னப் புள்ளைங்க இருக்கு." நான் "என்னது? சத்தமாப் பேசுங்க" என்று நாலு தடவை சொன்னேன். அலுத்துப்போய் அவரே வைத்துவிட்டார். எனக்குக் காது நன்றாகவே கேட்கும். வேப்பிலை வாடைதான் தாங்கவில்லை. ஜன்னலைச் சாத்தச் சொன்னால் மருமகள் சிரிக்கிறாள், "வேப்பெலக் காத்து நல்லதுதானே மாமா" என்று. அவளுக்கு என்ன தெரியும்?

உங்களுக்குச் சொல்கிறேன். இதுவரை யாருக்கும் சொன்னதில்லை, என் பெண்டாட்டிக்குக்கூட.

ஐம்பதுகளின் பின்பாதி. அம்மை குத்துகிற வேலையில் சேர்ந்து கீரனூருக்கு வந்திருந்தேன். சொந்த ஊர் ஆவுடையார்கோவில் பக்கம். இருபத்து மூன்று வயது, ஒரு தகரப் பெட்டி, ஒரு சைக்கிள், ஊர்ப்பட்ட திமிர். பெட்டிக்குள் ஸ்பிரிட் விளக்கு, பஞ்சு, பனிக்கட்டிக் குடுவையில் அம்மைப்பால் என்கிற தடுப்பு மருந்து, அப்புறம் அந்தக் கருவி. வட்டத் தலையில் சின்னச் சின்னப் பற்கள் இருக்கும். தீயில் காட்டி, ஆறவிட்டு, கையில் பாலைத் தடவி, அதை வைத்து ஒரு திருகு. பெரிய மீசைக்காரர்கள் எல்லாம் "ஆத்தாடி" என்று அலறுவார்கள். நான் தெருவில் நுழைந்தால் பிள்ளைகள் வைக்கோற்போருக்குள் ஒளிந்துகொள்ளும். அதில் எனக்கு ஒரு பெருமை வேறு.

திருச்சி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு லைன் வீடு. ஐந்து குடித்தனம், ஒரு முற்றம், ஒரு கிணறு, கிணற்றடியில் வேப்பமரம். கடைசி அறை என்னுடையது. வீட்டுக்காரரை எல்லாரும் உக்கிராணத்தார் என்பார்கள். புதுக்கோட்டை அரண்மனைச் சாமான் அறையில், அதாவது உக்கிராணத்தில், வேலை பார்த்தவர். சமஸ்தானத்தை இந்தியாவோடு சேர்த்த வருஷம் அந்த வேலை போனது. கையில் கிடைத்ததைப் போட்டு இந்த வரிசையைக் கட்டி, முதல் வீட்டில் தான் இருந்துகொண்டு, மற்றதை வாடகைக்கு விட்டார். மனைவி இல்லை. ஒரே மகள் தனம். அவளை விராலிமலைப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார். அவள் தலைப்பிரசவத்துக்கு வந்து இறங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அவள் வீட்டை ஒட்டிய இரண்டாவது வீட்டில் அருளப்பன் வாத்தியார். ஆவூர்க்காரர், வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். அவர் மனைவி ஞானம் அக்கா எனக்கு ஞாயிறுதோறும் ஒரு கிண்ணம் குழம்பு அனுப்புவார். (என் சமையலைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.) அவர்கள் மகள் ரீத்தா, ஆறு வயது, என் பெட்டியைக் கண்டாலே ஓடி ஒளிந்து அதுவரை குத்தாமல் தப்பித்த பிள்ளை. தனம் வந்த அன்று அந்தக் குழந்தைக்கு லேசாக உடம்பு சுட்டது. அது தெரியாமல், வந்ததும் வராததுமாக இவள் அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கிணற்றடியில் நின்றதை நானே பார்த்தேன். தனம் கையில் அம்மைத் தழும்பு இல்லை என்பதையும் அப்போதுதான் பார்த்தேன். தொழில் புத்தி, யாரைப் பார்த்தாலும் முதலில் கண் மேல்கைக்குத்தான் போகும். ஒருநாள் குத்திவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ரீத்தாவின் முகத்தில் முத்து கிளம்பிவிட்டது. பெரியம்மைதான், சந்தேகமே இல்லை.

அரைமணி நேரத்தில் உக்கிராணத்தார் என் அறை வாசலில் நின்றார். "தம்பி, எம்மக நெறமாசமா வந்திருக்குது. செவுத்துக்கு அங்கிட்டு இந்தச் சீக்க வச்சுக்கிட்டு நான் எப்புடி இருக்குறது? வாத்தியார நாளைக்கே காலி பண்ணச் சொல்லுங்க."

"அம்மை வந்த வீட்டைப் போயி காலி பண்ணச் சொல்லலாமாங்க ஐயா?"

"அவங்க வேதக்காரங்க தம்பி. அவங்க வீட்டுக்கு அம்மா எதுக்கு வரப்போறா? இது வெறும் சீக்கு." பிறகு அவரே வாத்தியார் வாசலில் போய் நின்று, "வெளிய போயிருங்க" என்று கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

எங்கே போவார்கள்? முகத்தில் முத்தோடு இருக்கிற பிள்ளையைப் பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள், மாட்டு வண்டிக்காரனும் வர மாட்டான். ஆவூர் வரைக்கும் வெயிலில் தூக்கிக்கொண்டு நடந்தால் பிள்ளை வழியிலேயே போய்விடும். ஆபீசில் எனக்குக் கொடுத்திருந்த கையேட்டில் எழுதிக்கொள், சுற்றி இருப்பவர்களுக்குக் குத்து என்று இருந்தது. வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் நடுவில் நின்று என்ன செய்ய வேண்டும் என்று அதில் ஒரு வரி கிடையாது. அதனால் நானாக ஒன்று யோசித்தேன். அந்த நேரத்தில் எனக்கு என் மூளையை நினைத்து அப்படி ஒரு சந்தோஷம்.

வேப்பிலை கட்டிவிட்டால் அந்த வீடு அம்மா இருக்கிற வீடு. அங்கே போய் வெளியே போ என்று சொல்கிற தைரியம் இந்த ஜில்லாவில் எவனுக்கும் கிடையாது.

"அக்கா, ஒரு கொத்து வேப்பெல. வாசல்ல சொருகிட்டா ஒருத்தரும் ஒங்கள அசைக்க முடியாது" என்றேன்.

ஞானம் அக்கா சுவரில் இருந்த செபஸ்தியார் படத்தைப் பார்த்தார். "நாங்க எப்புடித் தம்பி அதக் கட்டுறது? சாமியாருக்குத் தெரிஞ்சா கோயில்லயே வச்சுச் சொல்லிருவாரு."

"அது சாமி இல்லக்கா, மருந்துதான். ஈ அண்டாது."

வாத்தியார் எங்கள் இருவரையும் பார்க்காமல், "கட்டட்டும் விடு. புள்ளைய வெயில்ல தூக்கிட்டுப் போறதுக்கு இது தேவல" என்றார். அவர்கள் இருவருக்கும் கை வரவில்லை. நான்தான் கிணற்றடிக்குப் போய் ஒடித்தேன். நான்தான் நிலையில் கட்டினேன்.

விடிந்ததும் அதைப் பார்த்த உக்கிராணத்தார் செருப்பைக் கழற்றிவிட்டு முற்றத்தில் அப்படியே நின்றார். கன்னத்தில் மாறி மாறிப் போட்டுக்கொண்டார். "தாயே, வேதக்காரங்க வீடுன்னு பாக்காம வந்துட்டியே. வெளிய போன்னு சொல்லிப்புட்டேனே, பாவி." ஒரு மணி நேரத்தில் மஞ்சள் தண்ணீர், இளநீர், கம்பங்கூழ் எல்லாம் அந்த வாசலுக்கு வந்தன. ஐந்து வீட்டிலும் தாளிப்பதை நிறுத்தினார்கள். கடுகு வெடிக்கிற சத்தம் இல்லாமல் அந்த முற்றம் வேறு யாருடைய வீடோ மாதிரி இருந்தது. தனம்கூட எட்ட நின்று கும்பிட்டாள். நான் என் அறைக்குள் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். சிரித்தேன் ஐயா, பொய் சொல்லவில்லை.

பிறகு பெட்டியைத் திறந்தேன். ஒட்டிக்கொண்ட நாலைந்து நாளுக்குள் பால் குத்திவிட்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கணக்குப் போட்டால் இன்னும் நாள் இருந்தது. முதலில் தனத்துக்கு என்று அவர்கள் வீட்டு வாசலில் விளக்கை ஏற்றினேன்.

உக்கிராணத்தார் உள்ளே இருந்து ஓடி வந்தார். "என்ன தம்பி இது! அம்மா பக்கத்து வீட்டுல குடியிருக்கறப்ப ஊசிய எடுக்குறீங்களா? அவள வெரட்டவா? தண்ணி ஊத்தி அனுப்புற வரைக்கும் இந்த வளாகத்துல ஒருத்தர் கையிலயும் நீங்க ஊசி வைக்கக் கூடாது."

"அப்படின்னா இவங்கள ஊருக்காச்சும் அனுப்பிடுங்கய்யா."

"அம்மா இருக்கற எடத்துலேருந்து யாரும் கெளம்பக் கூடாது. தெரியாதா ஒங்களுக்கு?"

தெரியும். நன்றாகத் தெரியும். அதை நம்பித்தானே கட்டினேன். வெளியேற்றக் கூடாது என்கிற பாதியை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஊசி கூடாது, நகரக் கூடாது என்கிற மீதிப் பாதியும் அதோடு சேர்ந்தே வரும் என்று இந்தப் பெரிய மூளைக்குத் தோன்றவில்லை.

தனம் வாசலுக்கு வந்தாள். "அப்பா, அண்ணே நல்லதுக்குத்தானே சொல்லுது" என்று ரவிக்கைக் கையைச் சுருட்டிவிட்டுக் கையை நீட்டினாள். ஒல்லியான கை. நிறமாதக்காரிக்கு இருக்க வேண்டிய சதைகூட அதில் இல்லை. உக்கிராணத்தார் அவளைப் பார்த்த பார்வையில் மெதுவாகக் கையை இறக்கிக்கொண்டாள்.

அப்போது நான் சொல்லியிருக்கலாம். ஐயா, அந்த இலையைக் கட்டியது நான், நீங்கள் நேற்றுச் சொன்னதுதான் சரி, அது வெறும் சீக்கு என்று. சொன்னால் தனத்துக்கு ஊசி. ஆனால் அடுத்த நிமிஷம் வாத்தியார் குடும்பம் தெருவில். சுவருக்கு அந்தப் பக்கம் ரீத்தா முனகுவது கேட்டுக்கொண்டிருந்தது. ரெண்டு பேரில் ஒருத்தி கண் முன்னால் நோயில் கிடக்கிறாள், இன்னொருத்தி நன்றாக நிற்கிறாள். நாளைக்குப் பேசிச் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்று விளக்கை ஊதி அணைத்தேன். நாளைக்கும் பேசினேன், மறுநாளும் பேசினேன். இலையைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. மற்ற இரண்டு வீட்டிலும் என் தலையைக் கண்டதும் கதவைச் சாத்தினார்கள். ஆபீசில் போய்ச் சொன்னேன். ஜனங்களைப் பகைத்துக்கொள்ளாதே என்றார் மேலே இருந்தவர்.

ரீத்தா பிழைத்துக்கொண்டாள். முத்து இறங்கியதும் வழக்கப்படி மூன்று தண்ணீர் ஊற்ற வேண்டும். முதல் தண்ணீர் ஊற்றிய அன்றைக்குத் தனத்துக்குக் காய்ச்சல். மூன்றாவது நாள் உக்கிராணத்தார் தன் வீட்டு நிலையில் வேப்பிலையைத் தானே கட்டினார். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வாசல், இரண்டு கொத்து. வாத்தியார் வீட்டு இலை சருகாகியிருந்தது, இவர் வீட்டு இலை பச்சையாக இருந்தது. ஞானம் அக்காதான் வெட்கம் சங்கடம் எல்லாம் விட்டுவிட்டு அந்தப் பெண்ணுக்குப் பணிவிடை செய்தார். எட்டாம் நாள் தனம் போய்விட்டாள். வயிற்றில் இருந்ததும் அவளோடு போனது.

வாத்தியார் மாற்றல் வாங்கிக்கொண்டார். கிளம்புகிற அன்று ஞானம் அக்கா என்னிடம் வந்து, "தம்பி, அந்த எலய நாம கட்டாம இருந்திருந்தா அந்தப் புள்ள இருந்திருக்கும்ல?" என்று கேட்டார். "அப்படியெல்லாம் இல்லக்கா" என்றேன். அவர் நம்பவில்லை. பின்னால் நின்ற ரீத்தா குழி விழுந்த முகத்தோடு என்னைப் பார்த்துச் சிரித்தது.

ஏழெட்டு வருஷம் கழித்து, நான் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போன பிறகு, கீரனூர் பஸ் நிறுத்தத்தில் உக்கிராணத்தாரைப் பார்த்தேன். இளைத்து ஒடுங்கியிருந்தார். லைன் வீட்டில் ஒருவரும் இல்லை என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"எல்லாம் என் வாயால வந்தது தம்பி. அம்மா இருக்கற வாசல்ல நின்னு வெளிய போன்னு சொன்னேன்ல, அதுக்குத்தான் எம் புள்ளையக் கேட்டுட்டா. தெனமும் நெனச்சுக்குவேன். அந்த ஒரு வார்த்தைய நான் சொல்லாம இருந்திருக்கலாம்."

நான் வாயைத் திறந்தேன். "பஸ் வந்திருச்சுங்கய்யா, வாரேன்" என்று சொல்லி ஏறிக்கொண்டேன். அது நான் போக வேண்டிய பஸ்ஸே இல்லை. குளத்தூரில் இறங்கித் திரும்பி வந்தேன்.

இப்போது பெரியம்மை உலகத்திலேயே இல்லை. ஒழித்துவிட்டோம் என்று அறிவித்தபோது ஆபீசில் எங்களுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். அந்தக் கருவி போய்விட்டது, அம்மைப்பால் போய்விட்டது. என் பேரப்பிள்ளைகள் கையில் அந்த வட்டத் தழும்பு இல்லை. தழும்பில்லாத கை யாராவது நீட்டினால் இன்னும் வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறேன். லைன் வீட்டை இடித்து அங்கே செல்போன் கடைகள் கட்டியிருக்கிறார்களாம். கிணற்றை மூடியாயிற்று, வேப்பமரத்தையும் வெட்டியாயிற்று. உக்கிராணத்தார் போய் ஐம்பது வருஷம் இருக்கும். "நீங்க சொன்ன வார்த்தையால இல்லங்கய்யா, நான் கட்டுன எலையால" என்று சொல்ல ஒரு பஸ் நேரம் போதும் எனக்கு. அதைக் கேட்க அவர் இல்லை. அந்த வார்த்தையை அவர் கடைசிவரை தன்னுடையது என்றே சுமந்துகொண்டு போய்விட்டார்.