மாமரத்தில் கட்டிய கூரை

ருக்மணிக்கு எல்லாவற்றுக்கும் பயம். தவளையைக் கண்டால் பயம், உழவு மாட்டைக் கண்டால் பயம், ஆற்றைக் கடக்கப் பயம். தவுவா என்ற தீவு ஊருக்கு வெளியே, கரும்புத் தோட்டத்தின் நடுவே இருந்த டின் கூரை வீட்டுக்கு அவளைக் கட்டிக்கொண்டு வந்த தங்கராஜ், தொடக்கத்தில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். பிறகு பழகிவிட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் ஒரு பிப்ரவரி மாதம் புயல் வந்தது. அந்த வாரம்தான் தங்கராஜின் வலது கையைக் கரும்பு வெட்டும் கத்தி பதம் பார்த்திருந்தது. துணி சுற்றிய கையால் ஒன்றையும் பிடிக்க முடியாது. பிரசவத்துக்கு அண்ணன் வீடு வந்திருந்த அவன் தங்கை ஜான்கி, முந்தின நாள்தான் பெண் குழந்தை பெற்றிருந்தாள். ரத்தப்போக்கு நிற்கவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு எங்கும் ஓட முடியாது.

காலையில் காற்று ஏறியது. கூரைக்கு மேலே குறுக்காக ஒரு தடித்த கயிறு போட்டு, இரண்டு பக்கமும் நட்ட கட்டைகளில் கட்டியிருந்தார்கள். மதியத்துக்குள் மண் கூழாகிவிட்டது. கிழக்குப் பக்கத்துக் கட்டை சாயத் தொடங்கியது. ஒவ்வொரு வீச்சுக்கும் கூரை ஒரு சாண் எழும்பி, தடாலென்று உட்கார்ந்தது. உள்ளே குழந்தை வீறிட்டது.

"அண்ணி, கூரை போவுது அண்ணி!" என்று ஜான்கி கத்தினாள்.

ருக்மணி வெளியே ஓடினாள். வாசலைத் தாண்டியதும் வாந்தி எடுத்தாள். மழை முகத்தில் மண்ணைப்போல அடித்தது. முன்னால் போன தங்கராஜ் கட்டையைக் காட்டினான்.

"கட்டை நிக்காது. பின்னால நிக்கிற மாமரத்துல கட்டணும். நான் ஒரு சுத்து சுத்திச் சாஞ்சு பிடிச்சுக்கிறேன். நீ முடிச்சுப் போடு."

"எந்த முடிச்சு?"

"வண்டிப் பாரத்துக்குப் போடுவோமே, அது. நடுவுல கண்ணி விட்டு, வாலை அதுல கொடுத்து இழு. நல்லா இறுகும்."

ருக்மணிக்கு அந்த முடிச்சு தெரியும். இறுகும், உண்மைதான். ஆனால் மறுபடி இறுக்க வேண்டுமென்றால் நுனியை அவிழ்த்துத்தான் ஆக வேண்டும். வீடே அசைந்து கொடுக்கிறது. கயிறு தளர்ந்துகொண்டேதான் இருக்கும். ஒவ்வொரு தடவையும் அவிழ்க்கும்போது காற்று வந்தால், ஒற்றைக் கையோடு இவர் பிடித்து நிற்பாரா?

"அது வேணாங்க. துணிக்கொடிக்குப் போடுற முடிச்சு போடறேன்."

"பைத்தியமா? ஈரத்துணி காயப்போடுற முடிச்சு கூரையைத் தாங்குமா?"

"தெரியலைங்க." அவள் அழுதாள். "ஆனா அதை அவுக்காமலே இறுக்கலாம். முடிச்சை மேலே தள்ளினா போதும்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். காற்று ஒரு கணம் தணிந்தது. "போடு!" என்றான்.

கட்டையிலிருந்து கயிறு விடுபட்டது. தங்கராஜ் அதை மரத்தில் சுற்றி, முழங்கையில் மாட்டிக்கொண்டு, உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்தான். மரத்தைச் சுற்றி வந்த நுனியை, விறைத்து நின்ற கயிற்றின்மேல் ருக்மணி மரத்தை நோக்கி உட்பக்கமாகச் சுற்றினாள். வழக்கமாக இரண்டு சுற்று. பயத்தில் மூன்றாவதும் சுற்றினாள். பிறகு வெளிப்பக்கம் ஒரு சுற்று, உள்ளே செருகி இழுப்பு. ஈரக் கயிற்றில் செருகல் இரண்டு முறை தவறியது.

"ஆச்சா?"

"ஆச்சு... விட்ராதீங்க... விடுங்க!"

காற்று வந்தது. கூரை தூக்கியது. கயிறு முனகியது. முடிச்சு ஒரு விரல்கடை வழுக்கியதை அவள் கண்ணால் பார்த்தாள். பிறகு அங்கேயே பிடித்து நின்றது. காற்று தணிந்ததும் முடிச்சை இரண்டு கையாலும் மேலே தள்ளினாள். கூரை அழுந்தி உட்கார்ந்தது.

அதன்பின் அதுதான் வேலை. வீச்சு வரும்போது மரத்தைக் கட்டிப்பிடித்துக் கண்ணை மூடுவாள். தணிந்ததும் முடிச்சைத் தள்ளுவாள். உள்ளங்கைத் தோல் உரிந்தது. தனியாக நின்ற சமையல்கட்டு அப்படியே பெயர்ந்து கரும்புக்குள் உருண்டு போனது.

திடீரென்று எல்லாம் அடங்கி, வெயில்கூட லேசாக வந்தது. "முடிஞ்சிது" என்று தங்கராஜ் சேற்றில் உட்கார்ந்தான். ஆனால் பறவை ஒன்றுகூடக் கத்தவில்லை. அந்த அமைதிதான் ருக்மணியை எல்லாவற்றையும்விட அதிகம் மிரட்டியது. மரத்தை விட்டு நகரமாட்டேன் என்றாள். சிறிது நேரத்தில் புயலின் கண் கடந்து, காற்று எதிர்த்திசையிலிருந்து பாய்ந்தது. இதுவரை வீட்டின் மறைவு இருந்தது. இப்போது அதுவும் இல்லை. எங்கிருந்தோ ஒரு டின் தகடு பறந்து வந்து, அவள் தலைக்கு மேலே மரத்தில் குத்தி நின்றது. அம்மா, அம்மா என்று அலறிக்கொண்டே முடிச்சைத் தள்ளினாள்.

சாயங்காலம் காற்று ஓய்ந்தபோது கூரையின் ஒரு மூலை மட்டும் கிழிந்திருந்தது. ஜான்கி குழந்தையை அணைத்தபடி கட்டிலுக்கு அடியில் கிடந்தாள். இருவருக்கும் உயிர் இருந்தது. ரத்தம் நிற்கத் தொடங்கியிருந்தது.

வீடு இழந்த பக்கத்துத் தோட்டத்து நிசாம், மனைவி மரியத்தோடும் மூன்று பிள்ளைகளோடும் தண்ணீரில் நடந்து வந்தான். ருக்மணி இன்னும் மரத்தடியில் கயிற்றைப் பிடித்தபடி நின்றிருந்தாள். விரல்கள் விறைத்துப்போயிருந்தன.

"விடு தங்கச்சி, காத்து போயிட்டுது" என்று மரியம் ஒவ்வொரு விரலாக விரித்தெடுத்தாள்.

அந்த இரண்டு குடும்பங்களும் கரும்பு அறுவடை வரை ஒரே கூரையின் கீழ் இருந்தன. கயிற்றை அவிழ்த்து மாடு கட்ட எடுக்கலாமே என்று தங்கராஜ் பலமுறை கேட்டான். ருக்மணி தொட விடவில்லை.