உண்டு என்ற ஒரு சொல்

யுபிஎஸ் கீச்சிடும் சத்தம் கேட்டால் இன்றைக்கும் எழுந்து போய்த் திரையைப் பார்த்துவிடுவேன். 2013, ஆடி மாதம். மார்த்தாண்டம் அருகே ஒரு தனியார் மருத்துவமனையில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காற்று ரப்பர் மரங்களைப் பிடித்து உலுக்கிய ஒரு முற்பகலில் மின்சாரம் போனது. யுபிஎஸ் கீச்சிட்டு ஓய, ஜெனரேட்டர் எழும்ப, கணினிகள் அணைந்து மீண்டும் உயிர்பெற்றன. நெட்வொர்க் மட்டும் அவற்றை உள்ளே விடவில்லை.

இரண்டு மாதம் முன்புதான் நெட்வொர்க்குக்கு ஒரு காவல் மென்பொருள் வாங்கியிருந்தோம். ஒரு கருவி அணைந்து எழும்பும்போதெல்லாம் பதிவேட்டைக் கேட்டு, அதில் உள்ளதை மட்டுமே அது அனுமதிக்கும். மருத்துவமனைக் கருவிகளின் பதிவேடோ, அதோடு சேர்த்து வாங்கிய வேறொரு மென்பொருளில் இருந்தது. இரண்டும் பேசிக்கொள்ள ஏபிஐ என்றொரு வாசல் வேண்டும். இரண்டையும் விற்க வந்தவர் திருவனந்தபுரத்துக்காரர்.

"இந்தப் பதிவேட்டுல ஏபிஐ உண்டுல்லா?" என்று கேட்டேன்.

"உண்டு சாரே."

அந்தச் சொல்லை நம்பி, விலைப்பட்டியலின் கடைசிப் பக்கத்தைப் புரட்டாமலே வாங்கலாம் என்று எழுதிக் கொடுத்தேன். நானே புரோகிராம் எழுதி இரண்டையும் இணைத்தேன். ஓடியது. எனக்குப் பெருமை வேறு.

இப்போது திரையில் ஒரே வரி: பதிவேட்டின் ஏபிஐ உரிமம் முடிந்துவிட்டது. இத்தனை நாள் ஓடியது அறுபது நாள் சோதனை உரிமம். பதிவேட்டிலிருந்து பதில் வராவிட்டால் எல்லாரையும் வெளியே நிறுத்து என்று காவலுக்குச் சொல்லிவைத்தவனும் நான்தான். இன்டர்காமும் அதே நெட்வொர்க்கில். அதுவும் ஊமை.

பிரசவ அறை சிஸ்டர் செல்போனில் அழைத்தார். "சாரே, லேப் ரிப்போர்ட் வரல்ல. ஒரு பொம்பளப்பிள்ளைக்குப் பிரசவம் கழிஞ்சு ரெத்தம் நிக்கல்ல. என்ன செய்யுதிய அங்க?"

தரைத்தளத்து லேபுக்கு ஓடினேன். அவர்கள் தாளில் எழுதித் தந்ததை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு மூன்று மாடி ஏறினேன். பிரசவ அறை வாசலில் அந்தப் பெண்ணின் கணவர். தூத்தூர் பக்கம் கடலுக்குப் போகிறவர், விரல்களில் ஜெபமாலை.

"சாரே, ஒண்ணும் இல்லல்லா?"

"ஒண்ணும் இல்ல" என்றேன். உள்ளே ஓர் உயிர் வடிந்துகொண்டிருந்தது, என் கவனக்குறைவின் வழியாக.

காவலை அணைக்கப் போனேன். அவசரத்தில் கடவுச்சொல்லை மூன்று முறை தப்பாக அடித்ததில், அது என்னையும் வெளியே நிறுத்தியது. திருவனந்தபுரத்துக்காரரை அழைத்தேன். அவர் தற்காலிக உரிமத்தின் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்ல, பதிவேடு இருந்த கணினியில் உட்கார்ந்து அடித்தேன். நடுவே லேப் தாள்களோடு இரண்டு முறை மாடிக்கு ஓட்டம். கடைசியில் திரைகள் திறந்துகொண்டன.

"உண்டுன்னுதான் சாரே பறஞ்சேன். அதுக்கு வில வேற" என்றார் அவர், கோபமில்லாமல்.

அன்று மாலைதான் அந்தக் கடைசிப் பக்கத்தைப் படித்தேன். கருவிகளின் எண்ணிக்கைக்கு ஒரு விலை. ஏபிஐக்குத் தனி விலை, மென்பொருள் விலையில் பாதி, ஆண்டுதோறும். எல்லாம் தெளிவாகவே இருந்தது. மறுநாள் நிர்வாகத்திடம் தவறு என்னுடையது என்று சொன்னேன். அதன்பின் யார் உண்டு என்றாலும், எதில் உண்டு, எதுவரை உண்டு என்று கேட்காமல் நான் நகர்வதில்லை.

அந்தப் பெண் பிழைத்தாள். வீட்டுக்குப் போகும் நாளில், துணியில் சுற்றிய குழந்தையோடு அவள் ஆட்டோவில் ஏறினாள். கணவர் என்னைத் தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்தேன். அதற்குள் அவர் சொன்னார்:

"ஒண்ணும் இல்லண்ணு சொன்னியல்லா சாரே, அத நம்பித்தான் அண்ணைக்கு நான் நின்னேன்."