குந்தக் கூடாது

முதியவர்களை மறுபடி நடக்க வைப்பது எப்படி என்று பிசியோதெரபி மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தே எனக்குத் தலை நரைத்தது. நல்ல ஆசிரியை என்று அவர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வரும். ஒரு மனிதருக்கு நான் செய்ததை அவர்களிடம் சொன்னதில்லை.

எண்பதுகளின் தொடக்கம். அப்போது குடியிருந்த மாரெட்பள்ளியிலிருந்து பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். அந்தப் பெரியவர் பொதுத்துறைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. அதே தொழிற்சாலையில் வேலை செய்த மகனின் குவார்ட்டர்ஸில், மகன் மருமகளோடு இருந்தார். வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்து, எஃகு மூட்டு வைத்திருந்தார்கள். நடக்க வைப்பது என் பொறுப்பு.

முதல் நாளே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டரம்மா, நான் பஜாருக்கெல்லாம் போக வேணாம். கக்கூசுக்கு நானே போயிட்டு வந்துட்டாப் போதும். அதுக்குப் போய் மருமகப் புள்ளையக் கூப்பிட வெச்சிராதீங்க. அதுக்குச் செத்துடலாம்."

"முதல்ல நடங்க ஐயா. நடந்துட்டா மத்ததெல்லாம் தானா வரும்" என்றேன்.

தானாக வருமாம்! என் வாயில் கொள்ளியை வைக்க.

நாங்கள் படித்தது சீமைப் புத்தகம். அதில் வரைந்திருந்த நோயாளி கட்டிலில் படுப்பார், நாற்காலியில் உட்காருவார், கமோடில் உட்காருவார். தரை என்று ஒன்று அவர் உலகத்திலேயே கிடையாது. குந்துவது பற்றி ஒரே ஒரு வரி இருந்தது: கூடாது, மூட்டு கழன்றுவிடும். அதைத் தினமும் காலையில் அவரிடம் ஒப்பிக்க வைத்தேன்.

"என்ன செய்யக் கூடாது ஐயா?"

"குந்தக் கூடாதும்மா."

மாணவர்கள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். ஆயா பெட்பேன் வைக்கும்போது மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். வீட்டுக்குப் போகும்வரைதானே என்று பொறுத்துக்கொண்டார்.

செய்முறைத் தேர்வுக்கு, நன்றாகத் தேறிய நோயாளி ஒருவரை வீட்டுக்கு அனுப்பாமல் நிறுத்திவைப்பது எங்கள் வழக்கம். அந்த வருடம் அவர்தான் எங்கள் 'கேஸ்'. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் முன்னால் என் மாணவி அவரைக் கைத்தடியோடு நடக்கவைத்தாள், திரும்பவைத்தாள், மூன்று படி ஏற்றி இறக்கினாள். "பொண்ணு பாஸா?" என்று அவரே கேட்டார். பாஸ் என்ன, முதல் மார்க். மறுநாள் தன் காலாலேயே ஆட்டோவரை நடந்து போனார். நான் வாசலில் பூரித்துப்போய் நின்றேன்.

அவர் வீட்டுக் கக்கூஸ் எப்படி இருக்கும் என்று தேர்வாளர் கேட்கவில்லை. மாணவி கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எப்படி இருக்கும்? எல்லார் வீட்டிலும் இருப்பதுதான். என் வீட்டிலும் அதுதான். தினமும் காலையில் அதில் குந்தி எழுந்துதான், அவருக்குக் குந்தாதே என்று பாடம் எடுக்க வந்தேன்.

மூன்றாவது வாரம் அவரை மறுபடி கொண்டுவந்து சேர்த்தார்கள். நாக்கு வறண்டு கிடந்தது, சிறுநீரகம் கெட்டுவிட்டது என்றார் டாக்டர். வராந்தாவில் மருமகள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"சோறு நக்கோ, தண்ணி நக்கோ, எதுவுமே வேணாம்னு ஒரே பிடிவாதம்க்கா. பெட்பேன் வாங்கி வெச்சேன். நான் எடுக்கறேன் மாமான்னா அழுவுறாரு. ஏன் மாமா சாப்பிட மாட்டேங்கறீங்கன்னு கேட்டேன். உள்ள போனாத்தானேம்மா வெளிய வரும்ங்கறாரு. நான் எதாச்சும் தப்பா நடந்துக்கிட்டேனாக்கா?"

அவளா தப்பு செய்தாள்? ஒரு மரநாற்காலியின் நடுவில் ஓட்டை போட்டு அந்தக் கக்கூசின் மேல் வைத்திருந்தால் போதும். எங்கள் ஆஸ்பத்திரித் தச்சர் அரை மணி நேரத்தில் செய்து தந்திருப்பார். இத்தனை வருடம் பாடம் எடுத்தவளுக்கு அது அந்த வராந்தாவில், அவள் அழுதபோதுதான் தோன்றியது.

அதற்குப் பிறகு அவர் இரண்டு நாள்தான் இருந்தார். அன்றே தச்சரிடம் சொல்லிவிட்டு, அந்தச் சேதியோடு அவர் கட்டிலுக்கு ஓடினேன். ஆனால் என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் பயம் வந்தது. திட்ட வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. சலைன் ஏறிக்கொண்டிருந்த கையைத் தூக்கப் பார்த்தார்.

"டாக்டரம்மா, நான் ஒரு தடவகூடக் குந்தலம்மா. சத்தியமா. வேணும்னா மருமகளைக் கேட்டுப் பாருங்க."

நாற்காலிச் சேதியைச் சொல்லாமல் அந்தக் கையைப் பிடித்துப் படுக்கையில் இறக்கி வைத்தேன். "நல்லது ஐயா" என்றேன். பாவி, அதைத்தான் சொன்னேன்.