எதிர்வரிசை பேரூராட்சி

எங்கள் தெருவின் நடுவே ஓர் எல்லைக்கோடு ஓடுகிறது என்பது குடிவந்து பத்து நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. எதிர்வரிசை வீடுகள் பேரூராட்சி; எங்கள் வரிசை ஊராட்சி. கோடு கண்ணுக்குத் தெரியாது. குப்பை வண்டிக்கு மட்டும் தெரியும்.

காலை ஏழு மணிக்குப் பாட்டுப் போட்டுக்கொண்டு பேரூராட்சியின் பேட்டரி வண்டி வந்தது. மக்கும் குப்பை ஒரு வாளி, மக்காத குப்பை ஒரு வாளி என்று பிரித்து எடுத்துக்கொண்டு பெருமையோடு வாசலில் நின்றேன். வண்டியோடு வந்த அக்கா எதிர்வீட்டு வாளியை மட்டும் வாங்கிக் கவிழ்த்தார்.

"ஏனுங்க, எங்களுதும் எடுத்துக்கலாமுங்களே?"

"உங்களுது பஞ்சாயத்துங்க சார். அவிய வண்டி தனியா வருமுங்க."

அவர்கள் வண்டி வாரத்தில் ஒரு நாள் வந்தது. சில வாரம் அதுவும் இல்லை. ஊராட்சி அலுவலகத்துக்குப் போன் செய்தால், "டிராக்டரு ரிப்பேருங்க, வந்துருமுங்க" என்று இதமாகச் சொல்வார்கள். அந்த இதத்துக்குப் பிறகு கோபப்பட மனம் வராது. ஆனால் என் மனைவி கடற்கரை ஊர்க்காரி. வாரத்தில் மூன்று நாள் எங்கள் வீட்டில் மீன். மீன் கழிவு டிராக்டருக்காகக் காத்திருக்காது.

எங்கள் அவஸ்தையைப் பார்த்து எதிர்வீட்டு அம்மாவே கேட்டார். "கட்டிக் குடுங்ண்ணா. எங்க வாளியோட சேத்திக் குடுத்துப்போடறேன்."

இரண்டு வாரம் சுகமாக ஓடியது. கார்த்திகை பிறந்தது. எதிர்வீட்டுக்காரர் சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டார். எனக்கு இது உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை.

ஒருநாள் காலை வண்டி அக்கா நாங்கள் கட்டிக் கொடுத்த பையைப் பிரித்துவிட்டார். கறுப்பு வேட்டியில் வாசலில் நின்ற எதிர்வீட்டுக்காரரையும் தன் கையிலிருந்த மீன் தலைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனுங்க சாமி, மாலை போட்டிருக்கீங்க. ஊட்டுல இதெல்லாம் ஆக்கலாமுங்களா?"

பக்கத்து வீட்டு வாசல்களிலிருந்து இரண்டு மூன்று தலைகள் எட்டிப்பார்த்தன. அவர் முகம் சிவந்துவிட்டது. நான் என் வீட்டு ஜன்னல் திரைக்குப் பின்னால் மூச்சுவிடாமல் நின்றேன். வெளியே வந்து, 'அது எங்கள் குப்பை' என்று சொல்லும் தைரியம் வர ஐந்து நிமிடம் ஆயிற்று. வந்தபோது வண்டி அடுத்த தெருவில் இருந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "உட்டுத்தள்ளுங்க" என்றார். அதற்குப் பிறகு ஒரு வாரம் என் பக்கம் திரும்பவில்லை.

வெட்கம் தாங்காமல் இரண்டு அலுவலகங்களுக்கும் மனு எழுதினேன். ஆச்சரியமாக இரண்டு அதிகாரிகளும் ஒரே நாளில் வந்தார்கள். டேப் பிடித்துத் தெருவை அளந்தார்கள். எல்லை நடுரோட்டில்தான் போகிறது என்று கண்டுபிடித்தார்கள்.

"இது உங்க ஏரியாங்களே" என்றார் ஒருவர்.

"அட, நீங்களே வெச்சுக்கோங்க" என்றார் மற்றவர்.

இப்படிப் பதினைந்து நிமிடம் தெருவை ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தார்கள். பிறகு தெருமுனையில் 'இங்கு குப்பை கொட்டாதீர்' என்று ஆளுக்கொரு பலகை நடச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள்.

மறுநாள் வண்டியை மறித்து, மீன் தலை யாருடையது என்று அக்காவிடம் ஒப்புக்கொண்டேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"இதை முன்னமே சொல்லியிருந்தா அந்தச் சாமிய நான் கேட்டிருப்பனுங்களா? பஞ்சாயத்துல குப்பை எடுக்கறது எங்க நாத்தனாதானுங்க. ரெண்டும் போயிக் கொட்டறது ஒரே கெடங்குதான். கோயில் வீதியில இதே மாதிரி எங்க பேரூராட்சி வரிசை ஒண்ணு அவ வண்டி போற பக்கம் கெடக்குது. அதை அவ பாத்துக்கட்டும், இதை நான் எடுத்துப்போடறேன்."

முதலில் எதிர்வீட்டுக்குப் போய் அவரிடம் இரண்டு வார்த்தை தணிவாகப் பேசினார். பிறகு திரும்பி வந்து என் வாளியை வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து தினமும் வாங்குகிறார். எதிர்வீட்டுக்காரரும் மலைக்குப் போய் வந்து அரவணைப் பாயசம் கொடுத்தனுப்பினார்.

தை மாதம் ஒரு கடிதம் வந்தது. இரு உள்ளாட்சி அமைப்புகளின் ஒருங்கிணைந்த நடவடிக்கையால் என் குறை தீர்க்கப்பட்டதாக அதில் இருந்தது. வண்டி வந்தபோது அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதும் பொறுமையாகக் கேட்டார்.

"சந்தோசமுங்க சார். வாளியக் குடுங்க, நேரமாகுது."