வல்லம், தீவனூர், திண்டிவனம்

விசில் சத்தம் போதும். எந்த ஊர்ப் பேருந்து நிலையத்தில் நின்றாலும் என் காது செஞ்சிக்குத் திரும்பிவிடும்; முகம் சுடும்.

நைனா, என் அப்பா, திண்டிவனம் வண்டியில் கண்டக்டராக இருந்தவர். எண்பதுகளின் நடுவில் ஓய்வு பெற்றார். முதலில் கை நடுங்கியது, நடை குறுகியது. பிறகு ஒருநாள் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்து என்ன செய்வதென்று என்னைப் பார்த்தார். பார்கின்சன் என்றார் பாண்டிச்சேரி டாக்டர். நடுக்கத்துக்கு மாத்திரை எழுதினார்.

"மறதிக்கு என்கிட்ட மாத்திரை இல்லம்மா. புத்திக்கு வேலை குடுங்க. அவர் பார்த்த தொழில்லேர்ந்தே எடுங்க. நடந்துகிட்டே சத்தமா சொல்லச் சொல்லுங்க. குரலும் உள்ள போய்கிட்டிருக்குது."

அவர் தொழிலில் இருந்தது நிறுத்தங்கள். மெட்ராஸிலிருந்து வேலை உத்தரவு வரும்வரை நானும் சும்மாதான் இருந்தேன். மாலையானால் பேருந்து நிலையத்துக்குக் கூட்டிப்போவேன். பழைய காக்கிச் சட்டையைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொள்வார். வண்டிகளின் ஓரமாக நடந்து கூவுவார்: "தீவனூர், திண்டிவனம்!" முதல் நிறுத்தமான வல்லம் விட்டுப்போகும். எடுத்துக்கொடுத்தால், "அதான் சொன்னனே" என்பார்.

"இன்னா கண்டக்டரே, வல்லத்துல இன்னிக்கும் வண்டி நிக்காதா?" டீக்கடைக்காரர் சீண்டுவார். நைனாவும் சிரிப்பார். கூவக் கூவக் குரல் மேலே வந்தது. சில நாள் வல்லமும் வந்தது.

அன்று அமாவாசை. மேல்மலையனூர் அங்காளம்மனுக்குப் போகிற கூட்டம். எலுமிச்சை, வேப்பிலை, வியர்வை. நான் டீ வாங்கத் திரும்பியிருந்தேன். காக்கியைப் பார்த்து ஒரு குடும்பம் கேட்டது: "மலையனூர் போவுமா?"

கேட்டவர்களை ஏற்றியே பழகிய வாய். "ஏறு, ஏறு, உள்ள போ!"

அவர்கள் ஏற, பின்னால் ஒரு கூட்டமே ஏறியது. திண்டிவனம் வண்டி புறப்பட்டுப் போனது.

டிக்கெட் போடும்போதுதான் அது மலையனூர் போகிற வண்டியில்லை என்று தெரிந்திருக்கிறது. ஊர் எல்லையில் இறக்கிவிடப்பட்டவர்கள் கைக்குழந்தைகளோடு நடந்தே திரும்பினார்கள். மஞ்சள் புடவைக்காரி ஒருத்தி நேரே நைனாவிடம் வந்தாள்.

"யோவ், ஸ்பெஷல் பஸ்ஸும் போயிடுச்சி! காக்கி போட்டுகினு ஊர ஏமாத்துறியா?"

நைனா பதிலைத் தேடினார். உதடு அசைந்தது, அசைந்தது, கடைசியில் வந்தது: "தீவனூர்... திண்டிவனம்..."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். டீக்கடைக்காரர் மட்டும் அடுப்பின் மேல் குனிந்துகொண்டார். எனக்கு அந்தச் சட்டை கண்ணிலிருந்து மறைந்தால் போதும் என்றிருந்தது. அத்தனை பேர் முன்னால் அதன் பொத்தான்களைக் கழற்றினேன். உள்ளே கிழிந்த பனியன். குழந்தைபோல் கைகளைத் தூக்கிக் கொடுத்தார்.

"இனிமே வீட்லயே சொல்லு நைனா. மெதுவா. யாருக்கும் கேக்க வேணாம்."

வீட்டில் அவர் சொல்லவே இல்லை. "சத்தமாவே சொல்லு நைனா" என்று கெஞ்சியும் பார்த்தேன். தெருவை ஒருமுறை பார்ப்பார், வாயை மூடிக்கொள்வார். கோட்டைப் பாறையின் சூடு தெருவுக்கு இறங்கும் மாலைகளில், மேலே வந்த குரல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது. நான் அதைக் கேட்டுக்கொண்டு இருந்தேன்.

உத்தரவு வந்தது. திண்டிவனம் வண்டியில்தான் கிளம்ப வேண்டும். அம்மா அவரைக் கைப்பிடித்துக் கூட்டிவந்திருந்தாள். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கண்டக்டர் விசில் ஊதினார். நைனா ஜன்னல் கம்பியைப் பற்றி எக்கி, என் காதில் வெறும் மூச்சாகச் சொன்னார்: "வல்லம், தீவனூர், திண்டிவனம்."

ஒன்றும் விட்டுப்போகவில்லை. பிறகு இரண்டு பக்கமும் பார்த்தார்.

"யாருக்கும் கேக்கலயேமா?"