அரளி மாலையில் ஒரு கும்பிடுபூச்சி

பதுளையில், கோயில் வாசலில், என் தேங்காய்க் கடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பூக்கட்டுகிறவள் யோகம்மா. பசறைப் பக்கத்துத் தோட்டத்துக்காரி. கொழுந்து பறிக்கப் போன வயதில் தேயிலைச் செடியின் வாதுக் குச்சி குத்தி இடது கண்ணில் பூ விழுந்துவிட்டது. “கண்ணுல பூ, கையில பூ, தலையிலதான் இல்ல” என்று தன்னையே கிண்டலடிப்பாள். புருஷன் போய்ச் சேர்ந்தவள்.

இப்போது வலது கண்ணும் போய்விட்டது, நிழல்கூடத் தெரிவதில்லை. போன பார்வை போனதுதான் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். இது எனக்கு மட்டும்தான் தெரியும். பூச்சி அரித்த பூ சாமிக்கு ஆகாது. பார்வையில்லாதவளிடம் கோயிலுக்கு மாலை வாங்கவும் மாட்டார்கள். அந்த மாலைதான் அவளுக்குச் சோறு. அதனால் தினமும் வம்பளக்கிற சாக்கில் மாலையை ஒரு நோட்டம் விடுவேன். “அண்ணே, சுத்தமா இருக்குங்களா?” என்பாள், தாழ்ந்த குரலில்.

அன்று இளஞ்சிவப்பு அரளி. நன்றாகத்தான் பார்த்தேன். “ஒரு கொறையும் இல்ல, குடுத்திரு” என்றேன்.

சற்று நேரத்தில் குருக்கள் மாலையோடு திரும்பி வந்தார். மாலையில் ஒரு அரளி எழுந்து நடந்துகொண்டிருந்தது. கும்பிடுபூச்சி! அதே இளஞ்சிவப்பு, இதழ் போலவே விரிந்த கால்கள். என்ன திமிர் பாருங்கள், நான் பார்த்தபோது அசையாமல் இருந்து என்னையே ஏமாற்றியிருக்கிறது.

மாலையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன். குருக்களோ சிரித்தார். யாழ்ப்பாணத்துக்காரர். “இதை ஆர் கண்டுபிடிக்கிறது? எனக்கே தெரியேல்லை, யோகம்மா.”

தப்பித்தோம் என்று நினைத்தேன். மனுஷன் விட்டாரா? பூச்சியை உள்ளங்கையில் ஏந்தி அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். “பாருங்கோ, எப்பிடிக் கும்பிடுது!”

பூச்சி அதற்குள் பறந்து அவள் தோளில் உட்கார்ந்துவிட்டது. வாயால் சொல்லவும் வழியில்லை. சாடை காட்டலாம் என்றால், யாருக்குக் காட்டுவது?

யோகம்மா அந்த வெறுங்கையைப் பார்த்துச் சிரித்தாள். “ஆமாங்க ஐயா, பக்தியாத்தான் கும்பிடுது.”

குருக்களின் சிரிப்பு நின்றது. என்னைப் பார்த்தார். நான் தேங்காயைப் பார்த்தேன்.

“நாளையிலிருந்து மாலை வேண்டாம், யோகம்மா” என்றார். மெல்லத்தான் சொன்னார். திட்டியிருந்தாலாவது நானும் திருப்பித் திட்டியிருப்பேன். பாவம், அவர் மீதும் கோபப்பட முடியவில்லை.

வெறுங்காலோடு அவர் படியேறிப் போனது யோகம்மாவுக்குக் கேட்கவில்லை. இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, “இன்னுங் கொஞ்ச நாளைக்கு வாங்கிக்கங்க ஐயா” என்று ஆளில்லாத இடத்தைக் கும்பிட்டுக்கொண்டே இருந்தாள்.