மேஜர் சமையலில் உப்பு

என் அக்காவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுது என்றால் எனக்கு வராது. பிறந்ததிலிருந்து அவளிடம் திட்டு வாங்கியே வளர்ந்தவன் நான். ஆனால் அந்த நோய்க் காலத்தில் அவள் செய்ததை எழுதலாம். அதில் திட்டும் இருக்கிறது, மற்றதும் இருக்கிறது.

பல்கலைக்கழக ஹாஸ்டல் சமையல்கூடத்தில் அவள்தான் தலைமை. நான் அவளுக்கு அடுத்த ஆள். அப்பா போன பிறகு பாத்திரம் கழுவத்தான் முதலில் அங்கே போனாள். கழுவியபடியே கரண்டியைப் பிடித்தாள், அப்புறம் அடுப்பைப் பிடித்தாள், கடைசியில் மொத்தக் கூடமும் அவள் கைக்குள் வந்துவிட்டது. எனக்குப் படிப்பு ஏறாது என்று தெரிந்த அன்றைக்கே காதைப் பிடித்து இழுத்துவந்து வெங்காய மூட்டைக்கு முன்னால் உட்கார வைத்தாள். "அழறதா இருந்தா இங்க உக்காந்து அழு. எவனாவது கேட்டா வெங்காயம்னு சொல்லிக்கலாம்" என்றாள். அவளிடமிருந்து எனக்குக் கிடைத்த ஆறுதல் அவ்வளவுதான்.

கூடத்தில் எல்லோரும் முதுகுக்குப் பின்னால் அவளை மேஜர் என்பார்கள். அவளுக்கும் அது தெரியும். தெரியாத மாதிரி இருப்பாள், நடையில் மட்டும் கொஞ்சம் மிடுக்கு கூடும்.

நோய் பரவியதும் வகுப்புகளை நிறுத்திப் பிள்ளைகளை ஊருக்கு அனுப்பினார்கள். எல்லோரும் போய்விடவில்லை. விமானம் இல்லை, எல்லை மூடிவிட்டது, வீட்டில் ஏற்கெனவே நோய் என்று நிறையப் பேர் ஹாஸ்டலிலேயே தங்கிவிட்டார்கள். ஆளுக்கு ஒரு அறை. சாப்பாட்டைப் பெட்டியில் அடைத்து அறை வாசலில் வைத்துவிட்டு வரவேண்டும். நோய் வந்தவர்களைப் பின்பக்கத்து விருந்தினர் விடுதியில் தனியாக வைத்தார்கள். அவர்களுக்கும் எங்கள் அடுப்பிலிருந்துதான் சாப்பாடு.

ஒருநாள் ஹெல்த் சென்டர் டாக்டரம்மா எங்கள் எல்லோரையும் மரத்தடியில் தள்ளித் தள்ளி நிற்கவைத்துப் பேசினார்.

"உங்களை ரெண்டு குழுவா பிரிக்கப் போறேன். ஒரு குழு காலையும் மத்தியானமும். இன்னொண்ணு சாயங்காலம். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாக்கக் கூடாது. வேலையில மட்டும் இல்ல, வெளியிலயும். ஒரு குழுவுக்கு வந்துட்டா இன்னொண்ணு சமைக்கும். ரெண்டும் கலந்துடுச்சுன்னா கிச்சனை மூட வேண்டியதுதான்."

பக்கத்தில் நின்ற வார்டன், "கிச்சனை மூடினா ஹாஸ்டலையும் மூடிடுவேன். பசங்களை ஸ்டேடியத்துக்கு அனுப்பறதைத் தவிர வேற வழியில்ல" என்றார்.

ஸ்டேடியத்தை எல்லோரும் டிவியில் பார்த்திருந்தோம். ஒரே கூரைக்கடியில் வரிசையாகக் கட்டில்கள். நோய் இல்லாதவன் போனால் நோயோடு வருவான் என்று பேச்சு.

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "பசங்க எங்கயும் போகமாட்டாங்க சார். என் அடுப்பு அணையாது" என்றாள். வார்டனுக்குப் பதில் சொல்கிற மாதிரி இல்லை, அடுப்புக்கு உத்தரவு போடுகிற மாதிரி இருந்தது.

முதல் குழுவை அவள் எடுத்துக்கொண்டாள், இரண்டாவதை என்னிடம் கொடுத்தாள். நாங்கள் இருப்பதோ ஊழியர் குடியிருப்பில் பக்கத்துப் பக்கத்து வீடு. நடுவில் ஒரே சுவர். அன்றிலிருந்து அவள் எனக்குக் கதவைத் திறக்கவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் போன். நான் எடுக்காவிட்டால் சுவரில் தட்டு. அவளுக்குப் பேத்தி பிறந்த செய்தி வந்தபோது நான் சர்க்கரையை எடுத்துக்கொண்டு அவள் வாசலுக்கு ஓடினேன். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்கிறது, கதவு மட்டும் திறக்கவில்லை.

"போட்டோ அனுப்பறேன், பாத்துக்கோ" என்று உள்ளேயிருந்து குரல்.

"தாய்மாமன்கிட்டக்கூட கதவைத் திறக்கமாட்டியா?"

"நீ அவ அம்மாவுக்குத்தான் தாய்மாமன். போடா, சர்க்கரையை வாசப்படியில வை."

வைத்துவிட்டு, தெருவில் நின்று கத்திவிட்டு வந்தேன். வந்த கோபத்துக்கு ஒரு வாரம் நான் அவள் போனை எடுக்கவில்லை. சுவரைத் தட்டித் தட்டி அவள் கைதான் வலித்திருக்கும்.

அவள் குழு வேலைக்கு வரும்போது தானே வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் கேட்பாள். காய்ச்சல் இருக்கா? இருமல் இருக்கா? மணம் தெரியுதா? ருசி தெரியுதா? நாலுக்கும் ஒழுங்காகப் பதில் வந்தால்தான் உள்ளே விடுவாள். ஒருத்தி தும்மிவிட்டு மிளகுத்தூள் என்று சொல்லிப் பார்த்தாள். "மிளகு இன்னும் மூட்டையை விட்டு வெளிய வரலை, நீ வீட்டுக்குக் கிளம்பு" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். அவள் குழு வேலையை முடித்துப் போன பிறகு எல்லா ஜன்னலையும் திறந்து போட்டு, புகை போக்கும் விசிறியைச் சுழலவிட்டு, காற்று மாறிய பிறகுதான் நாங்கள் உள்ளே நுழையலாம். என் குழுவில் இருந்தவர்கள் இதைக் கிண்டல் செய்தார்கள். நானும் செய்தேன்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது விருந்தினர் விடுதிக் காவலாளி அவளுக்குப் போன் செய்தார். சூப் உப்புக் கரிக்கிறதாம், பிள்ளைகள் அப்படியே வைத்துவிட்டார்களாம்.

"அவங்களுக்கு நோய்ண்ணே. நாக்கு செத்துப்போயிருக்கும். உப்பு எது சர்க்கரை எதுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் அக்கா.

மறுநாள் நல்ல உடம்போடு இருந்த பிள்ளைகளே ஹாஸ்டலிலிருந்து அதையே சொன்னார்கள். அக்கா உடனே டாக்டரம்மாவைக் கூப்பிட்டாள். "மேடம், மூணாவது மாடியில அஞ்சாறு பேருக்கு நாக்குல ருசி மாறிப்போச்சு. புதுசா வந்திருக்கு. டெஸ்ட் எடுங்க." பாவம், அந்தப் பிள்ளைகள். மூக்கில் குச்சியை விட்டுக் குடைந்து பார்த்தார்கள். ஒருவருக்கும் ஒன்றுமில்லை.

அன்று சாயங்காலம் நான் கூடத்துக்குள் போனபோது மத்தியான சூப் அண்டாவின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. கொதிக்கவைத்து ஒரு கரண்டி வாயில் விட்டேன். கடலில் விழுந்தவன் மாதிரி எனக்குப் புரையேறியது. உடனே போன் செய்தேன்.

"அக்கா, சூப்புல உப்பை மூட்டையோட கவுத்துட்டியா?"

"ஏன், உனக்கும் வந்துடுச்சா? போய் டெஸ்ட் எடு."

"எனக்கு ஒண்ணும் இல்ல. உன் ஆளுங்க சாப்பிட்டாங்கல்ல, அவங்க என்ன சொன்னாங்க?"

"சூப்பர்னாங்க."

"உன்கிட்ட வேற என்ன சொல்லுவாங்க? நீ விஷத்தை ஊத்தினாலும் சூப்பர்னுதான் சொல்லுவாங்க."

போனை வைத்துவிட்டாள். வீட்டிலும் அவளுக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. அத்தானுக்கு ரத்த அழுத்தம். அவருக்கு உப்பில்லாமல் தனியாக வைப்பாள். பஸ் ஓட்டியவர் பஸ் நின்றுபோன பிறகு ஹாலில் உட்கார்ந்து, போட்டதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. அவள் குரல் வழக்கத்தைவிடச் சின்னதாக இருந்தது.

"வெங்காயத்தை அரிஞ்சு மூக்குக்கிட்ட வச்சுப் பாத்தேன்டா. கண்ணு எரியுது. மணம் வரலை. உப்பை நாக்குல வச்சேன். மணலைத் தின்ன மாதிரி இருக்கு."

எனக்கு முதலில் ஞாபகம் வந்தது ஸ்டேடியம்தான். "ஜலதோஷமா இருக்கும். காய்ச்சல் இல்லல்ல? ரெண்டு நாள் லீவு போடு, நான் பாத்துக்கறேன். வெளிய சொன்னா ஹாஸ்டலையே மூடிடுவாங்க."

"தினமும் வாசல்ல நின்னு ஊரையெல்லாம் நாலு கேள்வி கேட்டேனே, என்னை எவனாவது கேட்டானா? கேட்டிருந்தா நேத்தே தெரிஞ்சிருக்கும். இப்ப நானே கேட்டுக்கிட்டேன், பதிலும் வந்துடுச்சு. இதுக்கு மேல மறைச்சா நான் மனுஷியே இல்ல." அப்புறம் பழைய குரல் வந்துவிட்டது. "நீ வாயை மூடிக்கிட்டு ராத்திரிச் சாப்பாட்டை முடி."

டாக்டரம்மாவுக்கு அவளே போன் செய்தாள். டெஸ்டில் அவளுக்கும் அவள் குழுவில் இன்னும் இரண்டு பேருக்கும் நோய் இருந்தது. அவர்களை விருந்தினர் விடுதிக்கு அனுப்பினார்கள். குழுவில் மற்றவர்களை, அத்தானையும் சேர்த்து, வீட்டிலேயே அடைத்தார்கள்.

காலையில் கூடத்துக்கு வெளியே வார்டன் நின்றுகொண்டிருந்தார். "ஸ்டேடியம் போக பஸ்ஸுக்குச் சொல்லிட்டேன். மூடறதுதான் நல்லது" என்றார்.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "உண்மையைச் சொல்லுங்க. குழு பிரிச்ச பிறகு உங்க அக்காவை நேர்ல பாத்தீங்களா?"

"இல்லம்மா."

வார்டன் சிரித்தார். "அக்கா தம்பி, பக்கத்துப் பக்கத்து வீடு. பாக்கலைன்னா யார் நம்புவா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பேத்தி பொறந்தப்பவே கதவைத் திறக்காதவ சார் அவ. நான் கொண்டுபோன சர்க்கரை வாசப்படியில கிடந்து எறும்பு தின்னுச்சு. குடியிருப்புல யாரை வேணும்னாலும் கேளுங்க. அந்த ஆத்திரத்துல நான் தெருவே கேக்கற மாதிரி கத்தியிருக்கேன்."

டாக்டரம்மாவின் கண்களில் சிரிப்பு தெரிந்தது, மற்றதை மாஸ்க் மறைத்திருந்தது. "இந்த மாதிரி நாளுக்காகத்தான் சார் ரெண்டா பிரிச்சோம். இவர் குழுவுக்கு டெஸ்ட் எடுக்கறேன். சுத்தமா இருந்தா சமைக்கட்டும். அதுவரைக்கும் ரொட்டியும் முட்டையும் வெளியில வாங்கிக்கலாம்" என்றார். வார்டன் யோசித்துவிட்டு பஸ்ஸை நிறுத்திவைக்கச் சொன்னார். மனுஷன் கெட்டவர் இல்லை. பயம்தான்.

எங்கள் குழுவில் ஒருவருக்கும் இல்லை. அடுப்பைப் பற்றவைத்தோம்.

மூன்று வேளையும் பாதி ஆட்களால் ஓடியது. கை வீங்கியது. நின்றபடியே தூங்கினோம். கிண்டல் செய்தவன் எல்லாம் கேட்காமலேயே கதவுக் கைப்பிடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். அக்கா விருந்தினர் விடுதி ஜன்னலோரம் உட்கார்ந்து போனிலேயே என் உயிரை எடுத்தாள். பருப்பு வெந்துச்சா, ஜன்னல் திறந்திருக்கா, பெட்டி சூடா போச்சா. அவளுக்கும் என் சமையல்தான் போனது.

"எப்படி இருக்கு?" என்றேன் ஒருநாள்.

"உன் சமையலைத் தின்ன நாக்கு போனதே நல்லது" என்றாள்.

நடுவில் ஒருநாள் அவள் போன் வரவில்லை. நான் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. காவலாளியைக் கேட்டேன். காய்ச்சல் ஏறிவிட்டது, மூச்சு கொஞ்சம் இழுக்கிறது, டாக்டரம்மா உள்ளே இருக்கிறார் என்றார். அன்று என்ன சமைத்தேன் என்று எனக்கு நினைவில்லை. ஆனால் எல்லா அறைக்கும் பெட்டி போனது. மறுநாள் மத்தியானம் போன் அடித்தது. ஈனக் குரலில், "நேத்து கேரட்டை யார்டா அரிஞ்சது? கட்டை கட்டையா இருந்துச்சு" என்றாள். நான் பின்கட்டுக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

அவள் வெளியே வந்தபோது பாதியாக இளைத்திருந்தாள். நோய் போய்விட்டது. மணமும் ருசியும் வரவில்லை. வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டரம்மா. வார்டன் தன்மையாகத்தான் சொன்னார். "நீங்க உக்காந்து மேற்பார்வை பாருங்கம்மா. ருசி தெரியாம அடுப்புல எப்படி நிப்பீங்க?"

"என் தம்பி ஆளுங்க நின்னுக்கிட்டே செத்துக்கிட்டிருக்காங்க சார். நான் உக்காந்தேன்னா அவங்க விழுந்துடுவாங்க. அப்புறம் நீங்க மறுபடியும் பஸ்ஸைக் கூப்பிடுவீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அவள் குழுவும் வீட்டு அடைப்பு முடிந்து அன்று வேலைக்கு வந்திருந்தது. அங்கே நடந்ததை எனக்குப் பூனைதான் போனில் சொன்னாள். காய்கறி அரிகிறவள். நடப்பது யாருக்கும் கேட்காது, பேசுவதும் கேட்காது, அதனால் பூனை.

அக்கா முதலில் கேட்டாளாம். "அன்னிக்கு அந்த சூப்பை எல்லாரும்தானே குடிச்சீங்க? ஒருத்தருக்கும் வாய் இல்லையா?"

எல்லோரும் தரையைப் பார்த்தார்களாம். அடுப்பில் சூப் கொதித்து இறங்கியது. ஆளுக்கொரு கரண்டி கொடுத்து, தள்ளி நின்று மாஸ்க்கை இறக்கிக் குடித்துப் பார்க்கச் சொன்னாளாம். முதல் ஆள் நன்றாக இருக்கிறது என்றான். இரண்டாவது ஆள் சூப்பர் என்றான். மூன்றாவது ஆள், "பழைய கை வந்துடுச்சுக்கா" என்றான்.

பூனையின் முறை வந்தது. கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாளாம்.

"சொல்லுடி."

"உப்பு..."

"உப்புக்கு என்ன?"

"இல்லவே இல்லக்கா. ஒரு கல்லுகூட இல்ல. வெந்நீர் மாதிரி இருக்கு."

அக்கா மற்ற மூன்று பேரையும் ஒரு பார்வை பார்த்தாளாம். "நான்தான் போடலை. உங்கள்ல எவனுக்கு வாய் இருக்குன்னு பாக்கத்தான் போடாம விட்டேன்" என்றாளாம். அப்புறம் உப்பு ஜாடியை எடுத்துப் பூனையின் கையில் கொடுத்திருக்கிறாள்.

"இனிமே இது உன் வேலை. நான் கூட்டிப் போடுன்னாலும், சரியில்லேன்னா போடாதே. நான் கத்துவேன். கத்தட்டும்னு விட்டுடு."

பூனை கொஞ்சம் போட்டு, கலக்கி, குடித்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் போட்டாளாம்.

"போதுமாடி?" என்றாளாம் அக்கா.

"இருங்கக்கா, அவசரப்படுத்தாதீங்க" என்றாளாம் பூனை.

மேஜர் வாயை மூடிக்கொண்டு நின்றாளாம். மத்தியானப் பெட்டிகள் சூடாகவே கிளம்பின.